முதல் ஆசிரியரின் சம்மதம்

என் தங்கை புருஷன் ஒரு வாயில்லாப் பூச்சி. கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறவர். வரிசையில் யாராவது முன்னால் நுழைந்தால் ஓர் அடி பின்னால் நகர்ந்து இடம் கொடுப்பார். சண்டை போடுவது என் தங்கைதான். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு காரியம் பண்ணினார் பாருங்கள், நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

என் தங்கை செவித்திறன் ஆராய்ச்சி செய்தவள். நூற்பாலைக்குப் போய், அங்கிருந்த முதலுதவி அறையில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வாள். "கேக்காமலே கேக்குதுன்னு அழுத்துறாங்கக்கா. காது போச்சுன்னு தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு பயம்" என்பாள். அதனால் நடுநடுவே சத்தமே கொடுக்காமல் பார்ப்பாள். அப்போதும் அழுத்துகிறவரைத் திட்டமாட்டாள். டீ வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை பேசி, பயம் தெளிந்ததும் மறுபடி முதலிலிருந்து சோதிப்பாள். ஆலை இரைச்சலில் கத்திக் கத்தி வீட்டிலும் அதே தொண்டைதான். அடுப்படியிலிருந்து உப்பு கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அந்த வேலை முக்கால்வாசி கட்டுரையாக வந்திருந்த சமயம், மூளையில் ரத்தம் கசிந்து பொசுக்கென்று போய்விட்டாள். சோதனை முடிவுகளும் அட்டவணைகளும் தயாராக இருந்தன. இதற்கு முன் மற்றவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் பகுதியும், அதற்கான மேற்கோள் பட்டியலும்தான் பாக்கி.

அதை முடித்து அவள் பெயரில் வெளியிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று தம்பி கிடந்தார். தம்பி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருக்குக் கணக்குத் தெரியும், காதைப் பற்றி என்ன தெரியும்? செயற்கை நுண்ணறிவிடம் மிச்சத்தை எழுதச் சொன்னார். அதுவும் மளமளவென்று எழுதிக் கொடுத்தது. அதன் உதவியை வாங்குவது குற்றமில்லையாம். வாங்கியதைச் சொல்லிவிட வேண்டும், அது கொடுத்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதானாம். இவர் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

இன்னொன்றும் செய்தார். எழுதிய ஒவ்வொருவரும் தங்கள் மெயிலிலிருந்து சம்மதம் தெரிவித்தால்தான் அந்த ஆய்விதழ் கட்டுரையை எடுத்துக்கொள்ளும். முதல் ஆசிரியர் என் தங்கை, இரண்டாவது இவர். அவளுடைய மெயிலைத் திறந்து, அவள் இடத்தில் இவரே சம்மதத்தை அழுத்திவிட்டார். அவள் இறந்த விஷயத்தை இதழுக்குச் சொல்லவே இல்லை.

கட்டுரை வந்தது. ஒரு பிரதியை அச்செடுத்து வந்து என் மடியில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அவள் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு பருவம்கூட நிற்கவில்லை. மேற்கோள் பட்டியலில் உள்ள சில கட்டுரைகளை எங்கே தேடியும் காணோம் என்று ஒரு வாசகர் இதழுக்கு எழுதிவிட்டார். தலைப்பு, எழுதியவர், ஆண்டு என்று எல்லாவற்றையும் அந்த இயந்திரம் தானாகவே ஜோடித்திருந்தது. இரண்டு ஆசிரியர்களும் விளக்கம் தர வேண்டும் என்று இதழிலிருந்து மெயில் வந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு.

அவருடைய துறைத் தலைவர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பட்டியலை மேடம்தான் தயார் பண்ணாங்கன்னு எழுதிடுங்க சார். அவங்க வந்து இல்லைன்னு சொல்லப்போறதில்ல. உங்க வேலையாவது தப்பிக்கும்" என்றார்.

தண்ணீர் கொண்டுவந்த நான் டம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிச் சொல்வீங்களா சார்?"

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தம்பி பக்கம் திரும்பினேன். இந்த மனுஷர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர் ஆயிற்றே.

"தம்பி, அவ ஒவ்வொரு காதா நெசமா சோதிச்சிருக்கா. அவ பேர்ல கறை விழுந்துச்சுன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"தெரியும்க்கா" என்றார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இதழுக்கு எழுதி வைத்திருந்த பதிலை வாசிக்கச் சொன்னார். "கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே முதல் ஆசிரியர் காலமாகிவிட்டார். அளவீடுகள் முழுக்க அவருடையவை. பொய்யான மேற்கோள்கள் இயந்திரம் கொடுத்து நான் சரிபார்க்காமல் சேர்த்தவை. அவர் பெயரில் சம்மதம் கொடுத்ததும் நானே." ஒளிவுமறைவே இல்லை. இதை அனுப்பினால் வேலை என்னாகும் என்று எனக்கே புரிந்தது. எனக்குக் கோபம் போய் அழுகைதான் வந்தது.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா அவ பேருக்குப் பக்கத்துல சின்னதா ஒரு குறி போடுவாங்கக்கா, காலமானார்னு. எனக்கு மனசு வரல." அவளுடைய மெயிலைத் திறந்து காட்டினார். இதழிலிருந்து வந்தவை வரிசையாக இருந்தன. அன்புள்ள டாக்டர், உங்கள் கட்டுரை கிடைத்தது. அன்புள்ள டாக்டர், வாழ்த்துகள். "அங்க அவளை இன்னும் இருக்கிற ஆளாத்தான் கூப்பிட்டுட்டிருந்தாங்க" என்றார்.

பிறகு அனுப்பிவிட்டார்.

கல்லூரி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதல் ஆசிரியருக்குப் பிழையில் பங்கில்லை என்று அறிவிப்பில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே, அவள் பெயர்மேல், அட்டவணைகள்மேல், திரும்பப் பெறப்பட்டது என்று பெரிய சிவப்பு எழுத்து. அந்த ஆலைக்காரர்களின் காது என்ன பாவம் செய்தது?

அறிவிப்பு வந்த அன்று நான் அவர் அறைக்குப் போனபோது, தம்பி அவளுடைய மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட வாருங்கள் என்றேன். எழுந்திருக்கவில்லை.

"எனக்கு மட்டும்தான் அனுப்பியிருக்காங்கக்கா" என்றார். "அவளுக்கு வரல."