குடி தடுப்புப் பயிற்சியில் நான் குடிகாரனான கதை

அப்பத்தான் உருட்டி எடுத்த சைக்ளோஸ்டைல் பேப்பர் வாசம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு... மையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு நெடி. தொட்டா விரல்ல ஒட்டும். எண்பதுகள்ல, போடியில ஒரு கல்யாண மண்டபத்து மாடியில, அந்தப் பேப்பரத்தான் எங்களுக்குப் பாடப்புத்தகமாக் குடுத்தாங்க.

குடி தடுப்புக் களப்பணியாளர் பயிற்சி. எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லயன்கள்லயும் அடிவாரத்து ஊர்கள்லயும் போய், குடிப்பழக்கம் தொத்தாம இருக்க ஜனங்ககிட்ட பேசுற வேலை. பயிற்சி முடியும்போது யாருக்கு வேலைன்னு மதுரையிலேர்ந்து வந்த ட்ரெய்னர் ஸ்டெல்லா மேடம்தான் முடிவு பண்ணுவாங்க.

எனக்கு அந்த வேலை வேணும். ரொம்பவே வேணும். குடிக்குச் சித்தப்பாவப் பறிகொடுத்த வீடு எங்களுது. டிகிரி முடிச்சிட்டு சும்மா சுத்திக்கிட்டிருந்தவனுக்கு, இது ஒண்ணுதான் மனசாரப் பண்ணணும்னு தோணுச்சு.

மத்தபடி அந்த வகுப்பு ஒரே கொண்டாட்டம்...

படம் போட்ட சார்ட்டெல்லாம் சினிமா பேனர் எழுதுற அண்ணன் வரைஞ்சது. அவரு வரைஞ்ச ஈரல் அசல் கத்திரிக்கா. குடிகாரனுக்கோ சுருள் முடி, அரும்பு மீசையெல்லாம் வெச்சு ஹீரோ ஆக்கிட்டாரு. எங்ககூடப் பயிற்சிக்கு வந்த சிலமலை பால்வாடி டீச்சர் பாண்டியம்மா அக்கா அதப் பாத்துட்டு, இவனுக்குப் பொண்ணு குடுக்கப் போட்டி நடக்கும் போலயேன்னுச்சு. மேடமே சிரிச்சிட்டாங்க.

ஒரு நாள் சாயங்காலம் வகுப்பு முடிஞ்சதும் போடிமெட்டு ஜீப்புல ஏறிட்டேன். மேல மாமா எஸ்டேட்டுல காய் எடுக்கிற நேரம். பச்சை ஏலக்காய காயவைக்கிற ஸ்டோர்ல அடுப்புக்கு விறகு தள்ள ஆள் இல்ல. விடிய விடிய அந்தப் புகையில கெடந்துட்டு, காலையில முதல் ஜீப்புல இறங்குனேன். கொண்டை ஊசி வளைவுல குமட்டாம இருக்க வாய் நிறைய ஏலக்கா. அதே கோலத்துல நேரா வகுப்பு.

அன்னைக்குப் பாடம் என்ன தெரியுமா...

'குடிப்பவரைக் கண்டறியும் அடையாளங்கள்.' கண் சிவந்திருத்தல். நடை தள்ளாடுதல். வாய் நாற்றத்தை மறைக்க ஏலக்காய், கிராம்பு மெல்லுதல்.

மேடம் பேப்பரப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடி பேப்பரப் பாத்தாங்க.

மெதுவா வெளிய கூட்டிட்டுப் போயி, யாருக்கும் கேக்காத குரல்ல சொன்னாங்க. "தம்பி, இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. தெளிஞ்சதும் வாங்க, பேசுவோம்."

எனக்குத் தலை சுத்தல்ல நாக்கு எழும்பல. குழறுனேன். அது வேற சேந்துக்கிச்சு.

பாண்டியம்மா அக்கா ஓடி வந்து, "மேடம், இது குடிக்கிற புள்ளையில்ல. போடியில ஏலக்கா மணக்காத வாயி எது?"ன்னு எனக்காகப் பேசுச்சு. ஆனா பேப்பர்ல அடுத்த வரி என்னன்னா... 'சுற்றியுள்ளோர் சாக்குச் சொல்லி மறைப்பர்.' நான் குடிச்சிருக்கேன்கிறதுல மேடத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிருச்சு.

வீட்டுக்கு வந்து கொல்லையில உக்காந்து அழுதேன். எந்தச் சனியனத் தொடக்கூடாதுன்னு இருந்தேனோ அதையே என் தலையில கட்டிட்டாங்களேன்னு இருந்துச்சு. வேலை போச்சுன்னே நினைச்சிட்டேன்.

மறுநாள் எல்லாரும் மலைக்குப் போயி எஸ்டேட் ஆளுங்களைப் பாக்குறதா ஏற்பாடு. மனசு கேக்காம ஜீப் நிக்கிற எடத்துக்குப் போயி ஓரமா நின்னேன். அக்கா என் கையப் புடிச்சு இழுத்துச்சு. "ஏறுடா வெரசா. இந்தக் கூட்டத்துல நீ எங்க தெரியப் போற."

நிஜம்தான். போடிமெட்டு ஜீப்புல ஏறுனவன் கை யாருது, கால் யாருதுன்னு அவனுக்கே தெரியாது. மேடம் முன் சீட்டுல. நான் பின்னால கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டுப் போனேன்.

மேல மேடம் பிரமாதமாப் பேசுனாங்க. ஸ்டோருக்குள்ளயே, காய் தரம் பிரிக்கிற பொம்பளைங்களோட தரையில உக்காந்துட்டாங்க. மலையாளத்துச் சேச்சி ஒருத்தங்க ஏலக்கா தட்டிப் போட்டு, பால் இல்லாத கட்டன் சாயா குடுத்தாங்க. புகை ஒரு பக்கம் அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு.

இறங்கும்போது ரெண்டாவது வளைவுலயே மேடம் முகம் மாறிருச்சு. டிரைவர் அண்ணன் ஒரு பிடி ஏலக்காய நீட்டுனாரு. "வாயில அதக்கிக்கங்க மேடம். கொமட்டாது."

போடி வந்துச்சு. மேடம் இறங்குனாங்க. ஒரு கை ஜீப்பு மேல, ஒரு கை பாண்டியம்மா அக்கா தோள் மேல. கண்ணு செக்கச்செவேல்னு. கால் ஒரு பக்கம் போகுது, ஆள் ஒரு பக்கம் போறாங்க. என்னமோ சொல்ல வந்து வாய் குழறுது... ஏலக்கா கமகமன்னு மணக்குது.

அக்கா ரொம்பப் பதவிசா, குரலத் தாழ்த்திச் சொல்லுச்சு. "மேடம், இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. தெளிஞ்சதும் வாங்க, பேசுவோம்."



மேடம் ஜீப்புப் படியில உக்காந்து சிரிச்சாங்க பாருங்க... கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். நாங்களும் அடக்க முடியாம சிரிச்சோம். டிரைவர் அண்ணனுக்கு ஒண்ணும் புரியல, அவரும் சேந்து சிரிச்சாரு. சிரிப்பு அடங்குனதும் மேடம் என் பேரச் சொல்லி, அவரு வந்திருக்காரான்னு தேடுனாங்க.

மறுநாள் வகுப்புல எல்லாரு முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னாங்க. "தப்பு என்னோடது. அடையாளத்தப் பாத்தேன், ஆளக் கேக்கல. தம்பி, மன்னிச்சிருங்க." அந்தப் பேப்பர் அடியில ஒரு வரிய எங்க கையாலயே எழுத வெச்சாங்க... 'முதலில் கேளுங்கள்.'

வேலை கெடைச்சுது. அதுலயே காலமும் ஓடிருச்சு.

இப்ப நான் ட்ரெய்னர். சார்ட்டு, சைக்ளோஸ்டைல் எல்லாம் போயி பிபிடி வந்தாச்சு. பாதிப் பயிற்சி ஜூம்லதான். குறை சொல்லல, எவ்வளவோ வசதி. போன மாசம் ஒரு ஜூம் வகுப்புக்கு ரிட்டையர் ஆன ஸ்டெல்லா மேடத்தையே பேசக் கூப்பிட்டிருந்தோம். "உங்க ட்ரெய்னர் யாரு தெரியுமா, குடிகாரன்னு நான் வகுப்ப விட்டு வெளிய அனுப்புன ஆளு"ன்னு ஆரம்பிச்சு முழுக் கதையும் சொன்னாங்க.

ஸ்க்ரீன் பூரா சின்னச் சின்னக் கட்டத்துல பசங்களும் பொண்ணுங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எல்லாரும் மியூட்டுல.

நான் பேச வேண்டியத நிறுத்திட்டு, "எல்லாரும் மைக்க ஆன் பண்ணிட்டு ஒரு தடவ சிரிச்சிருங்கப்பா"ன்னு கேட்டேன்.