லுஹர் வரைக்கும் குளிசைக் காக்கா

சாய்ந்தமருதில் சிரிக்காத மனிசன் யாரென்று கேட்டால், சின்னப் பிள்ளையும் பாமசி ஜவாத் காக்காவைத்தான் காட்டும். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். இருபத்தாறு வருடமாக அதே கவுண்டர், அதே வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் இரண்டு பேனை. டொக்டர்மாரின் கையெழுத்தை அல்லாஹ்வும் ஜவாத் காக்காவும்தான் வாசிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. மருந்துத் துண்டு இல்லாமல் போய், "காக்கா, போன முறை தந்த குளிசையில ஒரு அட்ட தாங்க" என்று கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவதை நானே கண்டிருக்கிறேன். நானும் ஒருநாள் வாங்கிக் கட்டியவள்தான். எனக்கும் வாய் சும்மா இராது. அதனால் இரண்டு வருடம் அந்தக் கடைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அந்த மனிசனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் பெயர் றுஸ்தா. என் மகன் அர்ஹமுக்கு எட்டு வயது.

அர்ஹமுக்குச் சிறுநீரகத்தில் வருத்தம். சத்தெல்லாம் சிறுநீரோடு போய்விடும். காலையில் எழும்பினால் முகம் ஊதி, கண் இரண்டும் இடுங்கிக் கிடக்கும். கிளினிக் டொக்டர் நாற்பத்திரண்டு குளிசை எழுதினார். காலையில் ஒன்று, ஒருநாளும் தவறக்கூடாது. தினமும் கண்ணாடிக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கிப் பார்க்கச் சொன்னார். தெளிவாக இருந்தால் நல்லது, பால் போலக் கலங்கினால் வருத்தம் இருக்கிறது என்று அர்த்தம். குளிசை முடியும் வரைக்கும் ஓட்டமும் இல்லை, பந்தும் இல்லை.

பன்னிரண்டு நாள் போனது. குழாய் தெளியவே இல்லை. பதின்மூன்றாம் நாள் வீடு கூட்டும்போது அலுமாரிக்குப் பின்னால் ஒன்பது குளிசை கிடந்தது.

அடித்தேன், அழுதேன், அவனும் அழுதான். "கைக்குது உம்மா, தொண்டைக்குள்ள நிக்கிது, வயித்தப் பொரட்டிச் சத்தி வருது" என்றான். டொக்டர் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்த முறையும் தவறினால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். வீட்டுக்காரர் இறக்காமத்து வயலில், அறுவடை நேரம், யானைக்குக் காவல். நான் தனியாள். கிளினிக்கிலிருந்து வந்த வழியில் இருந்தது ஜவாத் காக்காவின் கடை மட்டும்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் துண்டை வாசித்தார், அர்ஹமின் முகத்தைப் பார்த்தார். முதல் கிழமைக்குரிய ஏழு குளிசையை எடுத்து ஏழு உறையில் தனித்தனியாகப் போட்டார்.

"ஒண்டு தவறினாலும் புடிபடும் தங்கச்சி. உறைய எண்ணுங்க" என்றார்.

வாசிக்கத் தெரியாத ஆட்களுக்காக அவர் உறையில் படம் கீறுவது வழக்கம். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. அன்றும் ஏழு சூரியன் கீறினார். அர்ஹம் கவுண்டரில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இந்தச் சூரியனுக்கு ஏன் கால் இல்ல?"

ஜவாத் காக்கா அவனை ஒரு முறை முறைத்தார். போச்சு, ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனையை எடுத்து, சூரியனுக்கு இரண்டு கால் வைத்து, ஒரு சாரனும் உடுத்தி, தோளில் துவாய் ஒன்றைப் பறக்கவிட்டார்.

"இவர்தான் குளிசைக் காக்கா. இவருக்குச் சக்தி இரிக்கி. என்ன சக்தியெண்டு உள்ளுக்குத் துண்டுல எழுதி வெப்பன். குளிசைய விழுங்கிற்றுத்தான் துண்டப் பாக்கணும். முந்திப் பாத்தா சக்தி வராது. வெளங்கிச்சா?"

"எவ்வளவு நேரத்துக்கு?"

"பகலைக்கு லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும்."

"ஏன் அவ்வளவுதான்?"

"எப்பயும் சக்தி இருந்தா, நாளைக்கு யார் குளிசை திங்கிற?"

அடுத்த நாள் காலையில் அர்ஹம் என்னை எழுப்பினான்! தண்ணீர்க் கோப்பையும் கையுமாக நிற்கிறான். கண்ணை மூடினான், விழுங்கினான், உடம்பைக் குலுக்கினான், உறையைக் கிழித்தான். துண்டில் சாரன் உடுத்த சூரியன் மீன் கூடைக்குள் காதை வைத்துக்கொண்டிருந்தது. கீழே எழுத்து: 'மீன் கதைப்பது கேட்கும்.'

ஒன்பது மணிக்குக் காரைதீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வரும் குணம் வந்தான். அர்ஹம் பெட்டிக்குள் காதை வைத்தான்.

"உம்மா, இந்தப் பாரை முந்தநாள் புடிச்சதாம். அதுவே சொல்லுது."

குணத்தின் முகம் செத்துப்போனது. உண்மை அதுதான் போலும். "தம்பி, உன்ட குளிசை எத்தின மணிக்கு முடியும்?" என்று கேட்டான்.

"லுஹர் பாங்குக்கு."

"அப்ப நான் அதுக்குப் பொறகு வாறன்" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடியல் என்றால் அது ஒரு திருவிழா. இரண்டாம் நாள், பள்ளிவாசலில் தொலைந்த செருப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சக்தி. மூன்றாம் நாள், எந்த வரிசையிலும் முன்னால் நிற்கும் ஒரே ஒரு ஆளுக்கு வீட்டு ஞாபகம் வரவைத்து அனுப்பிவிடும் சக்தி. ஒருநாள் இடது காது மட்டும் தனியாகக் கடைக்குப் போய்வந்தது, சீனியை மறந்துவிட்டு. இன்னொரு நாள் ரீச்சருக்குக் கோபம் வந்தால் அது தும்மலாக மாறும் சக்தி. அன்றைக்கு ரீச்சர் உண்மையாகவே தும்மினாராம், வகுப்பே எழும்பி நின்று கை தட்டியதாம். பறக்கிற சக்தியோ மலையைத் தூக்கிற சக்தியோ அந்த மனிசன் ஒருநாளும் எழுதவில்லை. எதிரியும் ஒருவன் வந்தான், பெயர் ஊதுமூஞ்சான். ஒருநாள் குளிசை தவறினால் போதும், அவன் தலையணைக்குள் வந்து படுத்துக்கொள்வான்.

யானைக்கு வெட்கம் வரவைக்கும் சக்தி வந்த அன்று வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "அந்தக் குளிசையில ரெண்டு எனக்கும் அனுப்பு புள்ள. நேத்தும் வந்து அரை ஏக்கரத் திண்டுட்டுப் போய்ட்டு" என்று குரல் அனுப்பினார்.

கதை ஊருக்குள் பரவியது. காய்ச்சல்காரப் பிள்ளைகள், இருமல்காரப் பிள்ளைகள், எல்லாருக்கும் குளிசைக் காக்கா வேண்டுமாம். ஒன்றுமில்லாத பிள்ளைகளும் பொய்க்கு இருமிக்கொண்டு கடை வாசலில் நின்றார்கள். ஜவாத் காக்கா முறைத்துக்கொண்டே கீறினார். ஒருவரிடமும் சிரிக்கவில்லை.

இருபதாம் நாள் கண்ணாடிக் குழாய் தெளிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் குதித்தேன். அர்ஹமின் முகம் வடிந்து, பழைய கன்னம் திரும்பி வந்தது. முப்பத்தைந்தாம் நாள் கடைசிக் கிழமைக்குரிய ஏழு உறையையும் வாங்கி வந்து மேசையில் அடுக்கினேன்.

முப்பத்தாறாம் நாள் காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கூப்பிடவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, எட்டிப் பார்த்தேன். ஏழு உறையும் வெறுமையாகக் கிடந்தன. உள்ளங்கை நிறையக் குளிசை. கையை வாய்க்குக் கொண்டு போகிறான்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. தட்டிய தட்டில் குளிசைகள் நிலமெல்லாம் சிதறின. முழங்காலில் நின்று பொறுக்கினேன். ஆறு. மறுபடியும் எண்ணினேன். ஆறு.

"ஒண்டெங்கடா? எத்தினைய விழுங்கின?"

"இண்டைக்குரியது மட்டும்தான் உம்மா. மத்ததப் போடப் போகக்குள்ளதான் நீங்க வந்தீங்க."

"ஏன் மகன்? ஏன்டா?"

"நாளைக்கு விளையாட்டுப் போட்டி. ஏழையும் ஒண்டாப் போட்டா ஏழு நாளும் இண்டைக்கே முடியும்தானே? நாளைக்கு நான் ஓடலாம். ஏழு சக்தியும் ஒண்டா வரும்."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிடைத்த முச்சக்கர வண்டியில் ஏறிக் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள். ஒருவரையும் பார்க்கவில்லை.

"புள்ளைக்கு விளையாட்டுக் காட்டப் போய் மையத்தாக்கி அடக்கப் பாத்தீங்களே! ஏழு குளிசைய ஒண்டாக் கையில வெச்சிக்கிட்டு நிண்டான்! உங்கட சக்தியும் மண்ணாங்கட்டியும்!"

ஜவாத் காக்காவின் கையில் இருந்த மருந்துப் போத்தல் கவுண்டரில் கவிழ்ந்தது. முகத்தில் இரத்தம் இல்லை. "விழுங்கினானா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுதான் என்றேன். அடுத்த நிமிடம் அவர் கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். இருபத்தாறு வருடத்தில் ஆட்கள் நிற்கும்போது அவர் அந்தப் பலகையைத் தாண்டியதை யாரும் கண்டதில்லை. என் முச்சக்கர வண்டி திரும்புவதற்கு முன்னால் அவருடைய சைக்கிள் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் போய்விட்டது.

நான் வந்து பார்க்கும்போது பக்கத்து வீட்டில் அர்ஹமுக்கு அருகே நிலத்தில் சப்பணமிட்டிருந்தார். கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கீறிக்கொண்டிருந்தார்.

"குளிசைக் காக்காவும் ஒருநாள் ஏழையும் ஒண்டாப் போட்டாரு. என்ன நடந்த தெரியுமா? இடது காது கடைக்குப் போச்சி. அதுக்குப் பின்னால ஊருச் செருப்பெல்லாம் போச்சி. யானை வெக்கத்துல கிணத்துக்குள்ள ஒளிஞ்சி மாட்டிக்கிட்டு. மீனெல்லாம் ஒண்டாக் கதைக்க, ஒண்டும் வெளங்கல. ஏழு நிமிஷத்துல ஏழு சக்தியும் முடிஞ்சி."

அர்ஹம் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். "பொறகு?"

"பொறகு ஆறு நாளைக்கு ஒரு சக்தியுமில்ல. அந்த ஆறு நாளும் யார் வந்த?"

"ஊதுமூஞ்சான்" என்றான் அர்ஹம், மெல்லிய குரலில்.

ஜவாத் காக்கா என் பக்கம் திரும்பினார். "பிழை என்ட தங்கச்சி. ஏழையும் ஒண்டாத் தந்த பிழை. அந்த ஆறையும் தாங்க." குளிசைகளை வாங்கி ஒன்றைச் சட்டைப் பையில் தனியாக வைத்தார். வாசலில் நின்று, "விளையாட்டுப் போட்டியில வினோத உடை இரிக்கிதானே? அதுக்கு வேஷம் போட்டு நடந்தாப் போதும், ஓடத் தேவையில்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அன்று பகல் முழுக்க நானும் அர்ஹமும் தையல் மெசினோடு மல்லுக்கட்டினோம். மருதமுனைச் சாரன் ஒன்றைப் பாதியாக வெட்டினேன். மஞ்சள் அட்டையில் சூரிய முகம், தோளுக்குத் துவாய்.

மறுநாள் ஆறரைக்குச் சைக்கிள் மணி கேட்டது. ஜவாத் காக்கா ஒரே ஒரு உறையோடு நின்றார். அர்ஹம் விழுங்கினான், கிழித்தான், கத்தினான்: "நிண்ட இடத்துலயே முதலாவதா வாற சக்தி!"

மைதானத்தில் வினோத உடை வரிசை வந்தது. ஒரு பிள்ளை தென்னைமரம், ஒரு பிள்ளை தபால்பெட்டி. அர்ஹம் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். முதலில் ஒரு குரல்: "டேய், குளிசைக் காக்கா!" பிறகு மைதானமே எழும்பியது. உறை வாங்கிய பிள்ளையெல்லாம் தங்களுக்கு வந்த சக்தியைக் கத்தினார்கள். செருப்பு! காது! தும்மல்! கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவனைச் சுற்றிக்கொண்டார்கள். நானும் கத்தினேன், தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன். மதில் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேர்ட் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிரித்தாரா என்று கேட்காதீர்கள், என் கண்ணில் தண்ணீர், சரியாகத் தெரியவில்லை.

முடிவை அறிவிக்க ஒலிபெருக்கியை எடுக்கும்போது லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். எல்லாரும் அமைதியானார்கள். பாங்கு முடிந்த பிறகு அறிவித்தார்கள். முதலாமிடம், உண்மையான மின்குமிழ் எரிய, கரண்ட் கம்பமாக வந்த பிள்ளைக்கு. அர்ஹமுக்கு இரண்டாமிடம். அவனைத் தேற்றலாம் என்று போனேன்.

"ரெண்டு நிமிஷம் முந்திச் சொல்லியிருந்தா நான்தான் உம்மா. சக்தி முடிஞ்சிட்டு" என்றான், ஒரு கவலையும் இல்லாமல்.

மிச்ச ஐந்து நாளும் ஆறரைக்குச் சைக்கிள் மணி தவறவில்லை. நாற்பத்திரண்டும் முடிந்தது. கிளினிக்கில் எல்லாம் சுத்தம் என்றார்கள். டொக்டர் அவன் தலையைத் தடவிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது திரும்பி வரக்கூடிய வருத்தம், சில பிள்ளைகளுக்கு வரும், சிலருக்கு வராது, காலையில் குழாயைப் பார்ப்பதை விடாதீர்கள் என்றார்.

இனிப்புக்குத் தொதல் வாங்கிக்கொண்டு ஜவாத் காக்காவிடம் போனோம். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒரு உறையை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ எழுதி உள்ளே போட்டு, வாய்க்கு ஸ்டேப்ளர் அடித்தார். வெளியே சூரியன் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள குளிசை இல்ல, துண்டு மட்டும்தான். வருத்தம் திரும்ப வந்தா, முதல் குளிசையோட திறங்க. வராட்டி அப்படியே கிடக்கட்டும்."

"என்ன சக்தி மாமா?" அர்ஹம் கவுண்டரில் ஏறிவிட்டான்.

"லுஹருக்கு முடியாத சக்தி."

அந்த உறை இப்போது அலுமாரிக்கு மேலே, கதிரை போட்டு ஏறினாலும் எட்டாத இடத்தில் இருக்கிறது. தினமும் காலையில் நான் அடுப்படியில் குழாயைச் சூடாக்குவேன். அர்ஹம் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எட்டு மாதமாகத் தண்ணீர் போலத் தெளிவு.

"இண்டைக்கும் திறக்கேலாதா உம்மா?" என்பான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"இல்ல மகன். அல்ஹம்துலில்லாஹ்" என்று குழாயைக் கழுவி வைப்பேன்.