சிவப்பு ஒருபக்கம், கறுப்பு ஒருபக்கம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் ‘நாளைக்கு’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது. “ஒரு சீட்டு வித்தை காட்டுங்களேன்” என்று யார் கேட்டாலும், ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு “நாளைக்குக் காட்டறேன்” என்பார். அப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேர் ஓய்வு பெற்று வீட்டுக்கே போய்விட்டார்கள்.

புளுகல்ல, வித்தை நிஜமாகவே தெரியும். தலையணை உறைக்குள் சிக்கிச் சலவைக்கு வராத சாமானே கிடையாது: பல்செட், மூக்குக்கண்ணாடி, பாதி கடித்த பிஸ்கட். ஒருமுறை முழுசாக ஒரு சீட்டுக்கட்டு வந்தது. ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். தேடி யாரும் வராததால் நீயே வைத்துக்கொள் என்று திருப்பித் தந்தார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான். முகம் காட்டாமல் வெறும் கைகளை மட்டும் காட்டும் வீடியோக்களைச் செல்போனில் பார்ப்பதும், கொதிகலன் அறையில் சுவரைப் பார்த்து நின்று பழகுவதுமாக ஆனார். ஆள் வரும் சத்தம் கேட்டால் கட்டு சட்டைப்பைக்குள் போய்விடும். அதே கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி வந்தாலும் அப்படித்தான்.

அவர் தேறியது ஒன்றே ஒன்றில்: கலைப்பதுபோலக் கலைக்காமல் இருப்பது. கட்டின் மேல்பாதி முழுக்கச் சிவப்பு, கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. சிவப்பை ஒருபக்கமாகவும் கறுப்பை எதிர்ப்பக்கமாகவும் இமையளவு வளைத்து வைத்திருப்பார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத் தெரியும். வலக்கையிலிருக்கும் கட்டின் மேலிருந்து இடக்கை விரல் சடசடவென்று கொஞ்சம் கொஞ்சமாக உருவும். சிவப்பு தீர்ந்ததும் அந்த இடைவெளியில் ஒரு கணம் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி கறுப்பில் ஓடும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் கலந்து கூழாகிவிட்டது. உள்ளேயோ இரண்டு நிறமும் இடம் மாறி உட்கார்ந்ததோடு சரி, பங்காளிச் சண்டை போட்டவர்களைப்போல ஒன்றோடொன்று முகம் பார்ப்பதில்லை.

ஊழியர் ஆண்டுவிழா அன்று காலை, மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டும் மச்சான் படியிறங்கி ஓடிவந்தான். மனைவியின் தம்பி. வாய் சும்மா இருக்காது.

“மாமா, பாடறவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அந்த இடத்துக்கு உங்க பேரைக் கொடுத்துட்டேன்.”

“எந்த இடத்துக்கு?”

“மேடைக்கு. நாளைக்குன்னு நழுவ முடியாது, விழா இன்னிக்குச் சாயந்திரம்.”

துணி பிரிக்கும் மேஜையிலிருந்து மனைவி நிமிர்ந்தாள். அறுவை அறையின் பச்சை ஒரு தொட்டிக்கு, வார்டுகளின் வெள்ளை இன்னொன்றுக்கு. பேசிக்கொண்டே, பார்க்காமலேயே அவள் கை துணியைப் பிரித்துக்கொண்டிருந்தது.

“காட்டுவார்டா, எங்க வீட்டுக்காரரை என்னன்னு நினைச்சே?”

“நீ பார்த்திருக்கியாக்கா?”

“பார்த்தாத்தான் நம்பணுமா?”

அவர் சட்டைப்பையிலிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை பேர் சிரித்த இடத்தில் இவள் ஒருத்திதான் கண்ணால் காணாத ஒன்றுக்காக மல்லுக்கு நின்றவள். இன்று சொதப்பினால் கேலி அவரோடு போகாது, அவள் சொன்ன சொல்லும் சேர்ந்து மண்ணாகும். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் துள்ளிக்கொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சீட்டுகளை அடுக்கி, வளைத்து, பெட்டியில் போட்டு, இஸ்திரிக்கு வைத்த சட்டையின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வித்தை இதுதான்: தலைமை நர்ஸ் சீட்டைப் பார்க்காமலே சிவப்பா கறுப்பா என்று ஊகித்துப் பிரிப்பார், கடைசியில் திருப்பினால் அத்தனையும் சரியாக இருக்கும்.

சாயந்திரம் கேன்டீன் கூடம் நிரம்பி, ஜன்னல் கட்டைகளில்கூட ஆள் உட்கார்ந்திருந்தது. அவர் மேடையேறியதும் பின்வரிசையிலிருந்து “நாளைக்கு! நாளைக்கு!” என்று ஒரே கூச்சல். சிரித்துக்கொண்டே கட்டை எடுத்து முதல் உருவல் உருவினார்.

கட்டைவிரல் நின்றது.

இடைவெளியைக் காணோம். காணோம் என்றால், ஒரே இடத்தில் இல்லை. கட்டு முழுக்கச் சின்னச் சின்னதாய் இறைந்து கிடந்தது. சீட்டுகளை முகத்துக்கு நேரே விசிறிப் பார்த்தார். சிவப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு. கண் தானாக மனைவியைத் தேடியது. மூன்றாவது வரிசையில் அவள் முகமெல்லாம் பூரிப்பு. இரண்டு கையையும் மாவு பிசைவதுபோல ஆட்டி, ‘நல்லா கலைச்சு வச்சிருக்கேன்’ என்று சைகை காட்டினாள்.

புரிந்துவிட்டது. சட்டைக்கு இஸ்திரி போட வந்தவள் பெட்டியைத் திறந்திருக்கிறாள். சிவப்பெல்லாம் ஒருபக்கம், கறுப்பெல்லாம் ஒருபக்கம். ஐயோ, மனுஷன் கலைக்கவே மறந்துவிட்டாரே, பார்ப்பவர்கள் ஏமாற்று என்பார்களே என்று, வாழ்நாளெல்லாம் பிரித்தே பழகிய கை, முதல்தடவையாக ஆசை தீரக் கலந்து வைத்திருக்கிறது.

“என்ன மாமா, நாளைக்கா?” என்றான் மச்சான். கூடம் அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருக்குள் ஏதோ சடக்கென்று திரும்பியது. மறைக்கத்தானே இத்தனை பாடு? மறைக்காவிட்டால்?

“இவ்வளவு நாள் நாளைக்கு. இன்னிக்கு இன்னிக்குத்தான்” என்றார். “எங்க வீட்டம்மா கொஞ்சம் மேலே வரணும்.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். “என்னங்க, நான் எதுக்கு?”

“வார்டு வெள்ளை, ஆபரேஷன் தியேட்டர் பச்சை மாதிரி. இது சிவப்பு, இது கறுப்பு. பிரி, பார்க்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். சீட்டு பறந்தது. இடம், வலம், வலம், இடம். சலவைக்கூடத்து ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். கடைசிச் சீட்டு விழுந்தபோது அவள் மூக்குநுனி வியர்த்திருந்தது. தலைமை நர்ஸ் இரண்டு குவியலையும் புரட்டிப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்றார்.

நர்ஸிடமிருந்து குவியல்களை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். கட்டைவிரல் தடவியது. கலைத்தாலும் சீட்டுகளின் வளைவு போகவில்லை. இருந்தது, அதே மயிரிழை.

உருவினார். சடசடவென்று, கை தெரியாத வேகத்தில். நிறுத்தி, மறுபடி உருவினார். “போதுமா?” “போதாது!” இன்னும் ஒருமுறை. மச்சான் மேடைக்கே ஏறிவிட்டான்.

“நான் வெட்டறேன்.”

“தாராளமா வெட்டுங்க மாப்ள.”

வெட்டி, கீழ்ப்பாதியை மேலே வைத்தான். இடைவெளி நகர்ந்ததே தவிர அழியவில்லை. “நானும் ஒரு வெட்டு” என்று அவர் சரியாக அங்கேயே வெட்டி, கட்டை முகம் தெரிய நீள மேஜையில் ஒரே இழுப்பில் விரித்தார்.

ஒருபாதி சிவப்பு. ஒருபாதி கறுப்பு. நடுவில் ஒட்டிய இடம், புதுத்துணியின் கரைபோல நேராக.

கைதட்டலில் கூரை பிய்ந்துபோகாத குறை. மச்சான் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “யக்கா, இதெப்படி?” என்றான் தீனமாக. அவள் தலையை நிமிர்த்தி, “அதான் சொன்னேன்ல” என்றாள், தனக்கே ஒன்றும் புரியாவிட்டாலும்.

மேடைக்குப் பின்னால், மடக்கு நாற்காலிகள் அடுக்கிய இடத்தில், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிஜமாவே கலைச்சீங்களா?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கட்டை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து ஓரத்தில் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ஏதோ தட்டுது” என்றாள். “தையல் விட்டாப்ல.”

“அதைத் தாண்டாம உருவணும். அவ்வளவுதான்.”

அவள் இன்னொருமுறை தடவிப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

“அப்போ மத்தியானம் நீங்க வேணும்னேதான்... நான் போய்க் கலைச்சு...” நெற்றியில் அடித்துக்கொண்டாள். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எப்போ?”

அவர் வாயைத் திறந்தார். அவள் சீட்டுக்கட்டை ஓங்கியபடி, “அந்த வார்த்தை மட்டும் வந்தது...” என்றாள்.