ஸ்டேஷனுக்கு விட்ட வீடு

எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் என் வீட்டில்தான் தொடங்கியது. அப்போது அதற்கு அவுட்போஸ்ட் என்று பெயர். ஒரு எஸ்.ஐ., ஒரு ரைட்டர், மூன்று நாலு போலீஸ்காரர்கள், ஒரு பைக். அவ்வளவுதான்.

திண்டுக்கல்லை விட்டு மதுரை ரோட்டில் வந்தால் டவுன் முடிகிற இடம் இது. முன்பு கொய்யாத் தோப்பு. பிறகு பிளாட் போட்டார்கள். நானும் என் சம்சாரமும் நூல் மில்லில் வேலை பார்த்தோம். அவளுக்குக் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலை. தூசி நெஞ்சில் ஏறி இளைப்பு வந்துவிட்டது. அதனால் வீடு கட்டும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“பெருசால்லாம் வேணாங்க. மூச்சு விடுற மாதிரி இருக்கணும்.”

கிழக்கே வாசல். படுக்கிற அறைக்கும் அடுப்படிக்கும் கிழக்கே ஜன்னல். சிறுமலைக் காற்று நேரே வரும். குடிபோன பிறகு அவள் மூச்சு இழுக்காமல் தூங்கினாள். அந்த ஒரு கோடைதான் அங்கே இருந்தோம்.

நாலுவழிச் சாலை வந்ததும் திருட்டு கூடியது. ஊர்க்காரர்கள் ஸ்டேஷன் கேட்டார்கள். கட்டடம் காட்டினால் ஆள் போடுகிறோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். தளம் போட்ட காரை வீடு என்று இருந்தது எங்களுடையது ஒன்றுதான். எல்லாரும் வந்து நின்றார்கள்.

“ரெண்டே வருசம். இடம் பாத்தாச்சு. கட்டி முடிச்சதும் போயிருவோம்” என்றார் எஸ்.ஐ.

சம்சாரம் யோசித்தாள். “போலீசு குடியிருந்தா வீடு பத்திரமா இருக்கும்ல” என்றாள். நாங்கள் பின்னால் சிமெண்டு சீட்டுக் கொட்டகை போட்டு மாறினோம்.

படுக்கிற அறையின் ஜன்னலை அடைத்து, கம்பிக் கதவு வைத்து லாக்கப் ஆக்கினார்கள். சாமி அறையில் துப்பாக்கி. அடுப்படியில் மைக் என்று அவர்கள் சொல்கிற வயர்லெஸ் வைத்தார்கள். அது நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும்.

முதல் எஸ்.ஐ. லஞ்சத்தில் மாட்டி சஸ்பெண்ட் ஆனார். அடுத்து வந்தவர் உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றார். ஒரு ஜோசியரைக் கூட்டி வந்தார். கிழக்கு வாசல்தான் ஆளைத் தூக்கியது என்று ஜோசியர் சொன்னார். மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். கிழக்கை அடைத்து வடக்கே உடைத்தார்கள்.

நான் ரைட்டரிடம் போனேன். அவர் சோழவந்தான் பக்கத்துக்காரர். நல்ல மனுசன்.

“என்னண்ணே, ஒரு வார்த்தை கேக்காம செவுத்த உடைக்கிறாக?”

“ஓனரே, கோவிச்சுக்காதீங்க. வாசல் சரியில்லன்னா எங்க பொழப்பு போயிரும்.”

“வாசல் என்ன பண்ணுச்சு?”

“வாசல் எங்க பண்ணுச்சு, கை பண்ணுச்சு. அதுக்காக கையவா இடிக்க முடியும்?”

பிறகு ஜீப் வந்தது, முழு ஸ்டேஷன் ஆனது, இன்ஸ்பெக்டர் வந்தார். ரோட்டில் ரோந்து போன ஒரு போலீஸ்காரர் மேல் லாரி ஏறிவிட்டது. சின்னப் பையன். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. வடக்கு காவு கேட்கிறது என்றார்கள். வடக்கை அடைத்து மேற்கே உடைத்தார்கள். அதோடு அக்கினி மூலையில் ஓட்டை ஆகாது என்று அடுப்படி ஜன்னலையும் அடைக்கப் போனார்கள்.

அன்று சம்சாரமே போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாள்.

“ஐயா, வாசல எங்கிட்டு வேணாலும் வச்சுக்கங்க. அந்த ஜன்னல மட்டும் விட்டுருங்க. நாளைக்கு நாந்தான் அங்க நிக்கணும்.”

“இருங்கம்மா, பாப்போம்” என்றார். சாயங்காலத்துக்குள் பூசி முடித்துவிட்டார்கள்.

மேற்கு என்றால் எங்கள் கொட்டகைக்கு நேர். மனு கொடுக்க வருகிற சனம் எல்லாம் எங்கள் நிழலில் உட்காரும். அவள் தண்ணீர் கொடுப்பாள். புருசன் அடித்துக் கன்னம் வீங்கிய ஒரு பிள்ளை அவளிடம் கேட்டது:

“ஏக்கா, உள்ள போய் அழுதா எழுதிக்குவாகளா?”

“அழுறத இங்கன அழுதுட்டுப் போ. உள்ள போனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

அந்தப் பிள்ளை உள்ளே போனது. சமாதானம் பேசிப் புருசனோடவே அனுப்பி வைத்தார்கள். பெரும்பாலும் அப்படித்தான்.

ஒவ்வொரு இன்ஸ்பெக்டரிடமும் வீட்டைக் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்னால் மாற்றலாகிப் போய்விடுவார். புதியவரிடம் முதலில் இருந்து சொல்ல வேண்டும். பார்த்து வைத்த இடம் குளத்துப் புறம்போக்கு என்று கேஸில் நின்றது. குடியிருப்பவன் காலி செய்யாவிட்டால் எல்லாரும் போலீசிடம் போவார்கள். நான் எங்கே போவது.

சித்திரையில் சீட்டு கொதிக்கும். அவள் எழுந்து உட்கார்ந்தே விடிய வைப்பாள். ஆஸ்பத்திரியில் காற்றோட்டமான இடத்தில் இருக்கச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“எங்களுக்கு அப்படி ஒரு வீடு இருக்குங்க டாக்டர்” என்றேன்.

“அப்ப அங்க இருக்கலாமே” என்றார்.

கடைசியில் வேறு இடத்தில் கட்டடம் எழும்பியது. ரிப்பன் வெட்டினார்கள். நல்ல நேரம் பார்த்து ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்பியை மட்டும் கழற்றவில்லை.

அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். மேற்கு வாசல் வழியாக. உள்ளே பகலிலும் இருட்டு. மூத்திர வாடை. கிழக்கே பார்த்து நின்றாள். சுவர்தான் இருந்தது. படுக்கிற அறையில் கம்பிக்குப் பின்னால் யாரோ நகத்தால் சாமி பெயர் கீறியிருந்தார்கள். அதைத் தடவிப் பார்த்தாள்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். அடைத்தவரும் உடைத்தவரும் அவர்தான். சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

“மறுபடி கிழக்க தொறக்கலாமா?”

“தொறந்தா மேல நிக்காதுண்ணே. எம்புட்டு எடத்துல கைய வச்சிருக்கோம். பீம் எல்லாம் விரிசல். ஜன்னலுக்குக்கூட உளி வைக்கப் பயமா இருக்கு.”

“அப்ப என்ன பண்றது?”

“இடிச்சுட்டுத்தான் கட்டணும். இப்படியே இருந்தா இன்னும் கொஞ்ச காலம் நிக்கும்.”

புதிதாகக் கட்டும் தெம்பு எங்களிடம் இல்லை. மில்லில் என்னை நிறுத்தியும் நாளாகிவிட்டது.

“வாங்க போவோம். இங்க எனக்கு மூச்சு முட்டுது” என்றாள். கொட்டகைக்குத் திரும்பினோம். வீட்டைப் பூட்டிப் போட்டேன்.

அடுத்த ஐப்பசி மழையில் புதுக் கட்டடத்தின் தளம் ஒழுகியது. இப்போது இருக்கிற ரைட்டர் குடையோடு வந்தார்.

“அப்பு, லாக்கப்புக்குள்ள தண்ணி நிக்குது. ரிப்பேர் பாக்குற வரைக்கும் செத்த இங்கன இருந்துக்கிறோம். ஆறு மாசந்தான்.”

அவள் கட்டிலில் இருந்தே சொன்னாள்.

“குடுத்துருங்க.”

“குடுத்துட்டு?”

“குடுத்துட்டு என்ன? நம்மதான் போகல. பூட்டிக் கெடக்குறதுக்கு அவுகளாச்சும் இருக்கட்டும்.”

சாவியைக் கொடுத்தேன். தளத்துக்கு இரும்புக் கம்பம் முட்டுக் கொடுத்து மறுபடி உடைத்தார்கள். இப்போது வாசல் தெற்கே இருக்கிறது.