மூன்றாவது டிசி

அக்கா மகளின் யூகேஜி மிஸ் இன்று அக்காவையும் மாமாவையும் சேலையூர் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார். கார் ஓட்ட நானும் போனேன்.

"பாப்பா இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசல சார். டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்பவே ஆரம்பிச்சா நல்லா வருவா," என்றார் மிஸ்.

மாமா எழுந்துவிட்டார். "எங்க வம்சத்துலயே அப்படி யாரும் கிடையாது. டிசி குடுங்க."

"காட்டினா என்ன குறைஞ்சுடும் மாமா?" என்றேன்.

"நீ போய் உன் கம்ப்யூட்டரைப் பாருடா."

பார்க்கிறேனே. ஆபீசில் புரோகிராமைச் சோதிக்கிற டெஸ்டர் தப்பைச் சொன்னால் புரோகிராமைப் பார்ப்போம். இவர் டெஸ்டரை மாற்றுகிறார். மூன்று பள்ளியிலும் இதையேதான் சொன்னார்கள்.

கிளம்பும்போது பாப்பா மிஸ்ஸின் முந்தானையை விடவே இல்லை. மாமாதான் விரலைப் பிரித்தார். சீ!

அடுத்து குரோம்பேட்டையாம். ரயில் பாதை நெடுக, கடைசி பீச் ஸ்டேஷன் வரை பள்ளிகள் இருக்கின்றன. குழந்தையின் வயதுதான் நிற்காது.

அவரிடம் என்ன சொல்லலாம்? எனக்குக் கெட்ட வார்த்தைதான் வருகிறது.