காது குத்தியபோது சிரித்தவள்

கேரி தீவுத் தோட்டத்துக் கோயிலில் அக்கா மகளுக்குக் காது குத்திய அன்று, எல்லாரும் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். வீறிட்டதும் வாயில் வைக்கச் சீனியும் வாழைப்பழமும் தயாராக இருந்தன. தாய்மாமனான என் அண்ணன் அவளை மடியில் இறுக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசாரி வலது காதில் குத்தினார். அவள் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தாள். இடது காதில் குத்தும்போது சிரித்தாள்.

"சிங்கக்குட்டி லா இது!" என்றார் அண்ணன். "இவ சின்னம்மா ஊசின்னாலே கிளினிக்கிலேருந்து ஓடுனவ."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் கருவில் நரம்புகள் வளரும் விதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தாயின் வயிற்றிலேயே உணர்வு நரம்புகள் தேவைக்கு அதிகமாக முளைத்துத் தோலை நோக்கி நீள்கின்றன. தோல் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. வளர்ச்சிக் காரணி என்பார்கள். அது கிடைத்த நரம்பு பிழைக்கும், கிடைக்காதது மடியும். அதை ஏற்கும் அமைப்பு பழுதானால், வலியையும் சூட்டையும் அறியும் நரம்புகளும், வேர்வையைத் தூண்டும் நரம்புகளும் குழந்தை பிறப்பதற்கு முன்பே அழிந்துவிடும். தொடுகையை அறியும் நரம்புகள் வேறு காரணிகளை நம்பியவை. அவை மிஞ்சும்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் உள்ளங்காலை வருடினேன். துள்ளிச் சிரித்தாள். நகம் பதியக் கிள்ளினேன். அதே சிரிப்பு. அவளுக்கு வேர்ப்பதே இல்லை, காரணமில்லாமல் காய்ச்சல் வருகிறது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

"அக்கா, நாளைக்கே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். இவளுக்கு வலி தெரியலை."

"நல்லா இருக்கே கதை! ஊரான் பிள்ளை அழுதா நோய், என் பிள்ளை சிரிச்சா நோயா? யுனிவர்சிட்டியில கண்ணு வைக்கத்தான் சொல்லித் தராங்களா?"

அக்கா உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றிக் கரி அடுப்பில் போட்டாள். புகை எழுந்தது.

"நெடியே வரலை பாரு. அவ்வளவு கண்ணு."

எனக்குத் தொண்டை கமறியது. இருமலை அடக்கிக்கொண்டேன்.

அக்காவின் கோபம் ஆறட்டும் என்று வாசலில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு, பல்லு முளைச்சிருக்கு!"

கீழ் ஈறில் வெள்ளையாக இரண்டு முனைகள். குழந்தை விரல்களை வாய்க்குள் திணித்து மென்றுகொண்டிருந்தது. அக்கா கொஞ்சலாக அந்தக் கையை வெளியே இழுத்தாள். ஆள்காட்டி விரலில் தோல் கிழிந்து, எச்சிலோடு இரத்தம் வடிந்தது. குழந்தை எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே விரலை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனது.

அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"கிள்ளானுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகிவிடுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று பயந்து, நான் குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கப் போனேன்.