நான் நட்ட கிலோமீட்டர்கள்

ஜெருத்தோ எங்கள் ஓட்டப் பயிற்சி கேம்புக்கு வந்த நாளிலிருந்தே எனக்குத் தலைவலிதான். ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு பாவாடை, அண்ணன் போட்டுத் தேய்த்த ஷூ, பத்தொன்பது வயது. சாப்பிட உட்கார்ந்தால் மூன்று ஆம்பளை சாப்பிடும் உகாலிக் களி உள்ளே போகும். வாய் அதைவிடப் பெரிது. புதிதாக வந்தவர்கள் வரிசையின் கடைசியில், முன்னால் ஓடுகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி ஓடவேண்டும் என்பது எங்கள் மேட்டில் எழுதாத சட்டம். முதல் நாள் காலையிலேயே அவள் எல்லோரையும் தாண்டி முன்னால் போய்விட்டாள்.

"யாருடி இவ, வந்ததும் வராததுமா மாமியார் மாதிரி முன்னால போறா?" என்று ஒருத்தி மூச்சிரைக்கக் கத்தினாள்.

"பின்னால வந்தா உங்க புழுதியத்தான திங்கணும்? நான் இன்னும் டீயே குடிக்கல," என்றாள் இவள், திரும்பிப் பார்க்காமல்.

நான் மையோ. பால் வண்டி ஓட்டுகிறவன். விடிந்ததும் மேட்டில் வீடுவீடாகப் பால் எடுத்து டவுனில் கொண்டுபோய் இறக்குவேன், திரும்பி வந்து கேம்புப் பெண்களுக்குத் தண்ணீர் சுமப்பேன். நானும் ஒருகாலத்தில் ஓடியவன்தான். முழங்கால் போனது, ஆசையும் போனது. அந்த நாட்களில் காலையில் எழுந்திருப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

எங்கள் செம்மண் சாலையில் கிலோமீட்டருக்கு ஒரு கல்லாக நட்டுச் சுண்ணாம்பு அடித்தவன் நான். ராணுவத்திலிருந்து வந்த கிப்தனூய் கோச் சொன்னார், நான் என் வண்டியின் மீட்டரைப் பார்த்துப் பார்த்து நட்டேன். அந்தக் கற்களை வைத்துத்தான் கோச் தேர்வு நடத்துவார். இருபது கல் தூரம், கல்லுக்கு மூன்று நிமிடம் ஐம்பது நொடி. அதற்குள் வராதவள் மறுநாள் பையைக் கட்டவேண்டும். அவர் ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்க மாட்டார். நான்கு வருடத்தில் பதினொரு பெண்கள் அப்படிப் போனார்கள். அதில் ஒருத்தி என் தங்கை ஜெலகத். ஒன்பது நொடி பிந்தியதில் போனது அவளுக்கு. வழியெல்லாம் வண்டியில் அழுதுகொண்டே வந்தாள்.

போன வருடம் மழைக்காலத்தில் பஞ்சர் ஒட்டப் போனேன். கடைக்காரன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"சேத்துக்குன்னு பெரிய டயரா மாட்டிட்டாங்களா? வண்டி சிக்காதுதான். ஆனா உன் மீட்டர் பொய் சொல்லுமே! அது ஒரு கிலோமீட்டர்னு காட்டும்போது நீ ஒண்ணைத் தாண்டிப் போயிருப்ப."

முதலாளி அந்த டயரை மாட்டியது நான் கல் நடுவதற்கு முன்பே. மறுநாள் ரோடு போடுகிறவர்களிடம் டேப் இரவல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. கல்லுக்குக் கல் ஆயிரத்து ஐம்பத்தெட்டு மீட்டர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். நாளை வந்தது, பால் எடுக்கப் போனேன். வேலை போய்விடும் என்ற பயம் உண்டுதான், ஆனால் அதுமட்டும் இல்லை. பதினொரு பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நாள் ஆக ஆக அது வாயைவிட்டு வெளியே வர முடியாத அளவுக்குக் கனத்துப்போனது. மழை விட்டதும் ஜெலகத்தைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு மந்தைக்குப் போய்ப் பரிசத்துக்கான மாடுகளைப் பார்த்துப் பிடித்து வந்ததும் நான்தான்.

இந்த லட்சணத்தில் ஜெருத்தோவை நகர மராத்தானுக்கு அனுப்ப முடிவெடுத்தார் கோச்.

"முதல் மூணுல வரணும். இல்லேன்னா அந்த பிளாஸ்டிக் பையைத் தேடி வெச்சுக்க," என்றார். "கேம்ப்ல ஓடுற மாதிரியே ஓடு. ஒரு அடிகூட வேகம் வேண்டாம். புரியுதா?"

அந்தப் பெண் பிறந்ததிலிருந்து ஒரு பேச்சை அப்படியே கேட்டது அன்று ஒருநாள்தான்.

பந்தயத்தில் ராயேல் செப்தும் இருந்தாள். வெளிநாட்டுப் பந்தயங்களில் ஓடிப் பெயர் வாங்கியவள். கூடவே பெரிய கேம்புகளிலிருந்து மூன்று பேர். காலில் புது ஷூ, கையில் கடிகாரம், முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. துப்பாக்கி வெடித்ததும் நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து நிதானமாகப் புறப்பட்டார்கள். எங்கள் ஆள் தன்பாட்டுக்கு முன்னால் போய்விட்டாள்.

பத்தாவது கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். கோச் ஸ்டாப்வாட்சோடு நின்றார். பந்தயம் பார்க்க எங்களோடு வந்திருந்த ஜெலகத் ஐந்து மாத வயிற்றோடு வண்டியின் பின்னால் நின்று பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜெருத்தோ தனியாக வந்தாள். கோச் நேரத்தைப் பார்த்தார், வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்தாறு நிமிடம்கூட ஆகவில்லை.

"பைத்தியமே! செத்துடுவ! மெதுவாப் போ!"

"நான் எப்பவும் போலத்தான் போறேன் கோச்! இந்த ஊரு கிலோமீட்டர்தான் குட்டையா இருக்கு! முந்நூத்தி முப்பதுலயே போர்டு வந்துடுது!"

அவளிடம் கடிகாரம் கிடையாது. இடதுகால் தரையில் படுவதை எண்ணிக்கொண்டே ஓடுவாள். எங்கள் கல்லுக்குக் கல் முந்நூற்றைம்பது வரும்.

ஒன்றரை நிமிடம் கழித்து ராயேலின் கூட்டம் வந்தது. அவர்களுடைய கோச் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்னப்பா, உங்க பொண்ணு பால் வண்டிய துரத்திப் பழகினவளா? விடு, முப்பதுக்கு மேல ரோட்டோரமாக் கிடப்பா, நாங்களே பொறுக்கிட்டு வர்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெலகத் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெருத்தோ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச் வேறு ஒரு காரில் முடிவிடத்துக்குப் புறப்பட்டார். போகும்போது என்னிடம், "இருபத்தஞ்சுல பிடிச்சு, வேகத்தக் குறைக்கச் சொல்லு. பின்னால வர்றவங்களோட சேர்ந்துக்கணும். இது என் ஆர்டர்னு சொல்லு," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. அவள் இப்படியே தாக்குப்பிடித்து ஜெயித்தால், எப்படி என்று கோச் கேட்பார், தோண்டுவார், கல் வெளியே வரும். அவள் கூட்டத்தோடு கலந்துவிட்டால் ஒன்றும் வராது. கடைசியில் அந்த நால்வரும் அவளைக் கழித்துக்கட்டிவிடுவார்கள், அவள் பையைக் கட்டுவாள், பன்னிரண்டாவது ஆளாகப் போவாள். எதற்காக வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

இருபத்தைந்தில் அவள் வந்தபோது பின்னால் நான்கு நிமிடத்துக்கு ஒருவரும் இல்லை. முதல்முறையாக அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தேன். நான் தண்ணீரோடு கூடவே ஓடினேன். முழங்கால் கதறியது.

"மையோண்ணே, வழியெல்லாம் மெதுவாப் போ, மெதுவாப் போன்னு கத்துறாங்க. நெஜமாவே நான் வேகமாப் போறேனா? சொல்லுண்ணே, நின்னு அவங்களோட வரட்டுமா?"

கோச் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நிக்காத! இது உன் தினப்படி வேகந்தான்டி. ஒரு அடிகூடக் கூடல. நம்ம கல்லுதான் தப்பு, நீளமாக் கெடக்கு."

"நெஜமாவா?"

"நட்டவனே சொல்றேன். போ!"

அவள் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். திரும்பினால் ஜெலகத் வண்டியின் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் கத்திப் பேசியது எல்லாமே அவள் காதில் விழுந்திருந்தது.

முடிவிடத்துக்குக் குறுக்குத் தெருக்கள் வழியாகப் போனோம். அவள் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

ஜெருத்தோ முப்பத்தைந்து வரை அப்படியே வந்தாளாம். அதற்கு மேல் கால் கனத்துவிட்டது. கடைசித் தெருவில் நாங்கள் பார்த்தபோது தோள் ஒருபக்கமாகச் சாய்ந்து, வாய் திறந்து, கிட்டத்தட்ட நடந்துகொண்டிருந்தாள். உதடு மட்டும் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. பின்னால் ராயேல் தனியாக வந்தாள், கூட வந்த மூன்று பேரையும் வழியிலேயே விட்டுவிட்டு. இருநூறு மீட்டர் இருக்கும்போது தாண்டினாள். ஜெருத்தோ இரண்டாவதாக வந்து கோட்டிலேயே விழுந்தாள்.

ராயேல் முட்டியில் கைவைத்துக் குனிந்து நின்றாள். "ஏண்டி, யாருடி நீ? உன்னப் பிடிக்கிறதுக்குள்ள என் உயிரே போயிடுச்சு. அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போ, இப்படி ஒத்தையில காத்துல ஓடாத."

"முதல்ல எனக்கு டீ வாங்கிக் குடுங்க. சக்கரை நிறையப் போட்டு," என்றாள் இவள், படுத்தபடியே.

கோச் வாட்சைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றார். அவரிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு அடி எடுத்துவைத்தேன். ஜெலகத் என் சட்டையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தாள்.

"நம்ம கல்லுக்குக் கல்லு எவ்வளவுண்ணே?"

"ஆயிரத்து அம்பத்தெட்டு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது, இருபது கல்லுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே அதிகம்.

"நான் ஒன்பது நொடியில போனேன்."

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன மழைக்கு."

"என் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ மாதம் அதைத்தானே செய்தேன். ஆனால் அதற்கும் தெம்பு வேண்டுமே.

"முன்னாடி," என்றேன்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"கோச்சுக்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். மத்த பத்துப் பேர் வீடும் உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வண்டிய எடு. நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

வண்டியை எடுத்தேன். தெரியாமல் என்ன? அதில் நான்கு வீட்டில் தினமும் காலையில் அந்தப் பெண்கள் கையாலேயே பால் வாங்குகிறவன் நான்.